குங்குமப்பூவும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குங்குமப்பூ பற்றி வரும் கேள்விகளில் பாதி நிறத்தைப் பற்றியவை, மீதி அளவைப் பற்றியவை. நிறத்துக்கான பதில் சின்னது. அளவைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பொருள் மருந்தாவதும் வெறும் வாசனையாக நிற்பதும் அரிதாக நஞ்சாவதும் அளவைப் பொறுத்தது. கீழே உள்ளவை பொதுவான தகவல்கள். உங்களுக்கென்று ஒரு நோயோ தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையோ இருந்தால் உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு.

குங்குமப்பூ என்பது பூவா, மகரந்தமா, இதழா?

மூன்றும் இல்லை. குரோகஸ் சடைவஸ் என்ற சிறு கிழங்குச் செடியில், இலையுதிர் காலத்தில் ஊதா நிறப் பூ பூக்கும். அதன் நடுவில் மூன்று சிவப்பு இழைகள் நீண்டு நிற்கும். அவை பூவின் சூல்முடிகள். விடியற்காலையில் பூவைப் பறித்து, இந்த மூன்றை மட்டும் கையால் கிள்ளி எடுத்து உலர்த்தினால் அதுதான் குங்குமப்பூ. பக்கத்திலேயே இருக்கும் மஞ்சள் நிற மகரந்தத் தாள்களுக்கு மணமும் கிடையாது, மருத்துவ மதிப்பும் கிடையாது. எடையைக் கூட்ட அவற்றையும் சேர்த்து உலர்த்துகிறவர்கள் உண்டு.

ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். அப்படியென்றால் ஒரு பூவிலிருந்து கிடைப்பது ஆறு, ஏழு மில்லிகிராம். ஒரு தனி இழையின் எடை சுமார் 2 மில்லிகிராம். இந்தக் கடைசி எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தச் செடி விதை தராது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் பெருகும். உலக விளைச்சலில் பெரும்பகுதி ஈரானில். அப்புறம் காஷ்மீரின் பாம்போர் பகுதி, ஸ்பெயின், கிரீஸ், ஆப்கானிஸ்தான்.

இதில் மருந்தாக வேலை செய்வது எது?

முக்கியமாக மூன்று பொருட்களைச் சொல்வார்கள். நிறம் தருவது குரோசின், கசப்புச் சுவை தருவது பிக்ரோகுரோசின், மணம் தருவது சாஃப்ரனால். புதிதாகப் பறித்த இழையில் அந்த மணம் அவ்வளவாக இருக்காது. உலர்த்தும்போது பிக்ரோகுரோசின் உடைந்துதான் சாஃப்ரனால் உருவாகிறது. அதனால்தான் உலர்த்தும் பக்குவம் தப்பினால் நல்ல பூவும் மணமில்லாமல் போகிறது.

குரோசின் கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினின் உறவுக்காரன். ஆனால் பீட்டா கரோட்டின் எண்ணெயில்தான் கரையும், குரோசினோ தண்ணீரில் கரையும். அதன் இரு முனைகளிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதுதான் காரணம். நாம் சாப்பிட்ட பிறகு அந்தச் சர்க்கரைகள் குடலில் கழன்றுவிடுகின்றன. மிஞ்சும் குரோசெட்டின் என்ற பொருள்தான் ரத்தத்தில் பெருமளவு சேர்கிறது. இந்தப் பொருட்கள் ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தடுக்கின்றன, வீக்கத்தைக் குறைக்கின்றன, மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் போன்ற வேதிப்பொருட்கள் அதிக நேரம் தங்க உதவுகின்றன என்பது ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்த்தது. மனித மூளையில் இவற்றில் எது எவ்வளவு நடக்கிறது என்பது இன்னும் முடிவான விஷயம் இல்லை.

விட்டமின், இரும்புச்சத்து என்று நீளமான பட்டியல் போட்டுக் குங்குமப்பூவைப் புகழ்வதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். நூறு கிராமுக்கான கணக்கு அது. நூறு கிராமை ஒரு குடும்பம் பல வருஷம் வைத்துச் சாப்பிடும்.

மனச்சோர்வுக்கு உதவும் என்கிறார்களே, உண்மையா?

குங்குமப்பூவுக்குச் சொல்லப்படும் பலன்களில் ஓரளவு கனமான ஆதாரம் இருப்பது இதற்குத்தான். மத்தியகாலப் பாரசீக மருத்துவர் இப்னு சீனா காலத்திலிருந்தே அது மனதை மலர்த்தும் என்று சொல்லிவந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் டெஹ்ரான் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஷாஹின் அகோண்ட்ஜாதேவும் அவரோடு இருந்தவர்களும் அதை முறையாகச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

2004இல் வந்த ஆய்வில் லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ள 30 பேர். ஒரு பாதிக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறு கேப்சூலாக, மறு பாதிக்கு இமிப்ரமின் என்ற பழைய மருந்து 100 மில்லிகிராம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். அடுத்த ஆண்டு இதே அளவை ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தின் 20 மில்லிகிராமோடு ஒப்பிட்டார்கள், 40 பேரிடம். அங்கேயும் அதே முடிவு. மருந்தே இல்லாத வெற்று கேப்சூலோடு ஒப்பிட்டபோது குங்குமப்பூ தெளிவாக முன்னால் நின்றது. பிறகு ஆஸ்திரேலியா உட்பட வேறு இடங்களிலும் ஆய்வுகள் நடந்தன. பலவற்றைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளும் சாதகமாகவே இருக்கின்றன.

சரி, அப்படியானால் ஏன் எல்லா மருத்துவரும் இதை எழுதித் தருவதில்லை? ஆய்வுகள் சிறியவை என்பது முதல் காரணம். முப்பது பேர், நாற்பது பேர், ஆறு வாரம், எட்டு வாரம். முப்பது பேரை வைத்து ‘இரண்டும் ஒன்றே’ என்று சொல்வது எளிது, ஏனென்றால் அவ்வளவு சிறிய குழுவில் உண்மையான வித்தியாசமே கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டாவது, அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாட்டில், அதுவும் உலகிலேயே அதிகம் குங்குமப்பூ விளையும் நாட்டில் நடந்தவை. மற்ற நாடுகளில் நடந்த சிலவற்றுக்குக் குங்குமப்பூச் சாறு தயாரிக்கும் நிறுவனங்களே பணம் கொடுத்தன. அதற்காக முடிவு பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் ஒரு படி எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மூன்றாவது, கடுமையான மனச்சோர்வில் யாரும் இதைச் சோதித்து நிரூபிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. தங்கள் மனநிலை மேம்பட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். பெற்றோரைக் கேட்டால் அந்த அளவுக்குத் தெரியவில்லை. யார் சொல்வதை நம்புவது என்பது அந்த வயதில் எப்போதும் இருக்கும் பிரச்சினைதான்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குங்குமப்பூவுக்கு மாறலாமா?

கூடாது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலே தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று தனியாக ஒரு தொல்லை வரும். நோயும் திரும்பலாம். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டும் செரோடோனினைக் கூட்டும் திசையில் வேலை செய்யக்கூடியவை என்பதால், அளவு மீறினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வர வாய்ப்பு உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அது கேப்சூலால் தீரும் விஷயமே இல்லை. அன்றைக்கே ஒரு மருத்துவரையோ உதவி எண்ணையோ அணுக வேண்டும்.

ஆய்வில் சொல்லும் 30 மில்லிகிராம் என்றால் எத்தனை இழை?

ஒரு இழை சுமார் 2 மில்லிகிராம் என்று பார்த்தோம் அல்லவா. 30 மில்லிகிராம் எடை என்றால் பதின்மூன்று முதல் பதினைந்து இழைகள். நல்ல தரமான பூவில் ஒரு சின்னச் சிட்டிகை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்தது இழையை அல்ல, இழையைச் சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, உலர்த்திய சாற்றை. அதில் குரோசின் எவ்வளவு, சாஃப்ரனால் எவ்வளவு என்று அளந்து வைத்திருப்பார்கள். உங்கள் டப்பாவில் இருக்கும் இழையில் எவ்வளவு இருக்கிறது என்பது எந்த ஊரில் விளைந்தது, எப்படி உலர்த்தினார்கள், டப்பா எத்தனை மாதம் வெளிச்சத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து மாறும். அதனால் ‘இத்தனை இழை சாப்பிட்டால் ஆய்வில் வந்த பலன் வரும்’ என்று கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, பாலில் இரண்டு இழை போட்டு எப்போதாவது குடிப்பது ருசிக்கும் மணத்துக்கும் நல்லது. அதில் தவறே இல்லை. ஆனால் அது மருந்து அல்ல. ஆய்வுகளில் பலன் பார்த்தவர்கள் தினமும், விடாமல், வாரக்கணக்கில் எடுத்தவர்கள்.

கர்ப்பிணி குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அது எவ்வளவு, எந்த வகை உருவாக வேண்டும் என்பது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வரும் பல மரபணுக்களின் வேலை. அம்மா சாப்பிடும் எதுவும், குங்குமப்பூ என்றில்லை, பாதாமோ பாலோ எதுவும், அந்த மரபணுக்களை மாற்றாது. இழையின் நிறம் பாலில் இறங்குகிறது, பால் வயிற்றில் இறங்குகிறது, ஆகவே நிறம் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வயிற்றுக்குப் போன குரோசின் உடைந்து, கல்லீரலில் மாறி, வெளியேறிவிடுகிறது. அப்படியே நிறம் ஏறினாலும் அது மஞ்சள் நிறமாகத்தான் இருக்க வேண்டும், அதை எந்த மாமியாரும் கேட்கப் போவதில்லை!

பிறந்த சில வாரங்கள் பல குழந்தைகளின் தோல் இளம் நிறத்தில் இருந்துவிட்டு மெல்ல மாறும். அந்த முதல் வாரங்களைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிறம் வராவிட்டால் போகட்டும், கர்ப்ப காலத்தில் சாப்பிடுவது பாதுகாப்பா?

சமையலில், பாலில் சேர்க்கும் சில இழைகளால் பாதிப்பு வந்ததாக ஆதாரம் இல்லை. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணம், அதிக அளவில் குங்குமப்பூ கருப்பையைச் சுருங்க வைக்கும். பழைய மருத்துவ மரபுகளில் மாதவிடாயை வரவழைக்கவும் கருவைக் கலைக்கவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 10 கிராம் அளவில் கருச்சிதைவு ஏற்படலாம் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. நிறைமாதத்தில் கருப்பை வாய் இளக இது உதவுமா என்றுகூட ஈரானில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கருப்பை வாயை இளக்குமோ என்று சோதிக்கத் தகுந்த பொருளை மூன்றாம் மாதத்தில் ‘இயற்கைதானே’ என்று அள்ளிப்போடுவது சரியில்லை.

கேப்சூல், சாறு, சொட்டு மருந்து வடிவில் கர்ப்பத்தில் வேண்டாம். முன்பு கருச்சிதைவு ஆனவர்கள், ரத்தக் கசிவு இருப்பவர்கள் சில இழைகளையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்துக்கும் இதே விதிதான்: உணவில் சேர்க்கும் அளவு சரி, மருந்து அளவு வேண்டாம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னொரு பயம் கலப்படம். பூ நல்லதாக இருந்தால் சில இழைகளால் ஒன்றும் ஆகாது. துணிச்சாயம் ஏற்றிய நார் என்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தூக்கம் வருமா?

ஓரளவு. 2020இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வில், தூக்கம் சரியில்லை என்று சொன்ன 63 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு 14 மில்லிகிராம் சாறு தினம் இரண்டு வேளை, 28 நாள். தூக்கத்தின் தரம் கூடியதாக அவர்கள் சொன்னார்கள். தூக்க மாத்திரை போலப் போட்டதும் கண் சொக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவு பத்து மணிக்குக் குடிக்கும் குங்குமப்பூப் பாலில் தூக்கம் வந்தால், சூடான பாலுக்கும் கைபேசியைக் கீழே வைத்த அந்தப் பத்து நிமிஷத்துக்கும் பாதிப் பங்கு கொடுக்க வேண்டும்.

கண் பார்வைக்கு நல்லதா?

வயதாவதால் விழித்திரையின் மையப்பகுதி தேய்வது ஒரு நோய். அதன் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்து இத்தாலியில் மூன்று மாதம் பார்த்தார்கள். ஒளிக்கு விழித்திரை காட்டும் மின் அதிர்வு மேம்பட்டது. பிறகு சிட்னியில் 100 பேரிடம் இதே அளவில் செய்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சிறியது. கண்ணாடிப் பவரைக் குறைப்பது, கண்புரையைக் கரைப்பது எல்லாம் இதில் வராது.

ஞாபக மறதிக்கு?

அல்சைமர் நோயின் லேசான, நடுத்தர நிலையில் உள்ள 46 பேரிடம் 16 வாரம் சோதித்ததில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குங்குமப்பூ எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். அதே குழு, டோனெபெசில் என்ற வழக்கமான மருந்தோடு 22 வாரம் ஒப்பிட்டபோது இரண்டும் சமமாக வந்தன. குங்குமப்பூ எடுத்தவர்களுக்கு வாந்தி குறைவு. நம்பிக்கை தரும் தொடக்கம்தான், ஆனால் அல்சைமர் பல ஆண்டுகள் நீளும் நோய், 22 வாரத்தில் அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஞாபக சக்தி கூடும் என்று கொடுப்பதற்கு இந்த ஆய்வுகள் ஆதாரமாகாது.

மாதவிடாய்க்கு முன் வரும் தொந்தரவுகளுக்கு?

எரிச்சல், வயிறு உப்புசம், அழுகை வருவது போன்றவை மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன் தொடங்கும் பெண்களிடம், 15 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, இரண்டு மாதவிடாய்ச் சுற்றுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. பலன் இருந்தது. மனச்சோர்வு மருந்துகளால் தாம்பத்திய ஆர்வம் குறைந்தவர்களுக்கு, ஆண் பெண் இருவருக்குமே, 30 மில்லிகிராம் ஓரளவு உதவியதாகவும் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. இதைக் காட்டி ஆண்மை மருந்து என்று விற்பது வேறு கதை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை?

சில ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. குறைந்த இடங்களிலும் மருந்தைக் குறைக்கும் அளவுக்கு இல்லை. எடை விஷயத்தில், சற்றே எடை கூடிய 60 பெண்களுக்கு எட்டு வாரம் சாறு கொடுத்தபோது இடையிடையே நொறுக்குத் தீனி தின்பது குறைந்தது. ஆர்வத்தைத் தூண்டும் முடிவு, அவ்வளவே.

புற்றுநோயைக் குணப்படுத்துமா?

இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைக் குரோசின் அழித்தது உண்மை. அந்தத் தட்டில் அவற்றை அழிக்கும் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் தீர்ந்ததாக ஆதாரமில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போட இதைக் காரணமாக்க வேண்டாம்.

முகத்தில் தடவினால் நிறம் கூடுமா? முடி வளருமா?

முகத்துக்கு: நல்ல ஆதாரம் இல்லை. பூச்சில் தோல் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் அதில் சேரும் எண்ணெய் அல்லது பாலேட்டின் வேலை. தோலில் அரிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். முடிக்கு: சொல்ல ஒன்றுமில்லை.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? பக்க விளைவுகள் என்ன?

ஆய்வு அளவில், அதாவது 30 மில்லிகிராமில், வாய் உலர்வது, தலைவலி, குமட்டல், பசி மாறுவது, லேசான மயக்கம் போன்றவை சிலருக்கு வந்திருக்கின்றன. ஆரோக்கியமானவர்களுக்கு 200, 400 மில்லிகிராம் மாத்திரைகளை ஒரு வாரம் கொடுத்த பாதுகாப்புச் சோதனையில், 400இல் ரத்த அழுத்தம் இறங்கியது, சில ரத்த அளவுகளும் லேசாக மாறின. ஆபத்தான நிலைக்கு யாரும் போகவில்லை.

நாளுக்கு ஒன்றரை கிராம் வரை பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 5 கிராமைத் தாண்டினால் நஞ்சு. தோலும் கண்ணும் மஞ்சளாவது, வாந்தி, ரத்தம் கலந்த பேதி, மூக்கிலும் உதட்டிலும் ரத்தக் கசிவு, தலைசுற்றல், கைகால் மரத்துப்போவது என்று போகும். 20 கிராம் உயிருக்கே ஆபத்து. 5 கிராம் என்றால் இரண்டாயிரம் இழைக்கு மேல். சமைத்துச் சாப்பிடுகிறவர் தவறிப்போய் அந்த அளவை எட்ட மாட்டார். கருக்கலைப்புக்கென்றோ வேறு எதற்கோ வேண்டுமென்றே விழுங்கியவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அப்படி யாராவது சாப்பிட்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், மிச்சமிருக்கும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

யாரெல்லாம் கேட்காமல் எடுக்கக் கூடாது?

இங்கே பேசுவது கேப்சூலையும் தினசரி மருந்து அளவையும் பற்றி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதல் வரிசை, ஏனென்றால் குங்குமப்பூ ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடும். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து அளவு அதிகமாக இறங்கலாம். தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடலாம். மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு இது உச்ச நிலையைத் தூண்டிவிடலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. இந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை, ‘மனசுக்கு நல்லது’ என்று கேள்விப்பட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை அரிது, ஆனால் உண்டு. ஆலிவ், சில புல் வகைகளின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கவனக்குறைவு, துறுதுறுப்பு உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருந்தாலும், குழந்தைகளுக்கு மருந்து அளவில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

வாங்கியது அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குங்குமப்பூவில் கலப்படம் பூ அளவுக்கே பழமையானது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் கலப்படம் செய்தவர்களைச் சரக்கோடு சேர்த்து எரித்திருக்கிறார்கள். அப்படியும் நிற்கவில்லை. செந்துருக்கம் பூவின் இதழ், சாயம் ஏற்றிய மக்காச்சோள நார், தேங்காய் நார், காகிதத் துணுக்கு, பொடியாக இருந்தால் மஞ்சளும் மிளகாயும் என்று பட்டியல் நீளும். அசல் பூவிலேயே எண்ணெயோ கிளிசரினோ தடவி எடையைக் கூட்டுவதும் உண்டு.

முதலில் பொடியாக வாங்காதீர்கள். இழையாக வாங்கி, ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து உற்றுப் பாருங்கள். அசல் இழை ஒரே தடிமனில் இருக்காது. ஒரு முனை நூல் போல மெலிந்து, மறுமுனை எக்காளம் போல விரிந்து, அதன் ஓரம் லேசாகப் பிசிறடித்திருக்கும். நாரை வெட்டிச் செய்த போலி இரு முனையிலும் ஒரே மாதிரி இருக்கும். செந்துருக்கம் என்றால் குழல் போன்ற சின்னப் பூ, நுனியில் பிளவுபட்டு, மணமே இல்லாமல் இருக்கும்.

அடுத்து, ஒரு சிறு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து நாலைந்து இழைகளைப் போடுங்கள். கிளற வேண்டாம். அசல் இழையிலிருந்து நிறம் மெதுவாக, பொன்மஞ்சளாக, மேகம் போலப் பரவும். பத்து பதினைந்து நிமிஷம் ஆகும். இழை மட்டும் சிவப்பாகவே இருக்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துப்போனால் அது சாயம். நனைந்த இழையை இரண்டு விரலில் தேய்த்தால் அசல் சட்டென்று கரைந்துபோகாது, விரலில் மஞ்சள் ஒட்டும். நாக்கில் வைத்தால் மணம் இனிப்பாகத் தோன்றினாலும் சுவை கசக்க வேண்டும். இனித்தால் தேனோ சர்க்கரைப் பாகோ தடவியிருக்கிறார்கள்.

வீட்டுச் சோதனைகள் மட்டமான போலியைப் பிடிக்கும். பாதி அசல், பாதி கலப்படம் என்றால் அவை ஏமாறும். ஐஎஸ்ஓ 3632 என்ற உலகத் தரத்தில், சாற்றில் ஒளியைச் செலுத்தி நிறம், கசப்பு, மணம் மூன்றையும் அளக்கிறார்கள். நிறச் செறிவு 200க்கு மேல் இருந்தால் முதல் தரம். டப்பாவில் இந்த எண்ணும் அறுவடை ஆண்டும் போட்டிருந்தால் விற்பவர் ஏதோ சோதனை செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே மாதிரிப் பூ தோட்டத்திலோ காட்டிலோ கிடைத்தால் பறிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இலையுதிர் காலத்தில் இதே போல ஊதாவாகப் பூக்கும் கோல்ச்சிகம் என்ற செடி கடும் நஞ்சு. அதிலுள்ள கோல்ச்சிசினை மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவில் கீல்வாதத்துக்குத் தருகிறார்கள். செடியாகச் சாப்பிட்டால் உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. அதன் பூவில் மகரந்தத் தாள் ஆறு, குங்குமப்பூச் செடியில் மூன்று. ஆனால் இப்படி எண்ணிப் பார்த்துப் பறிப்பதற்குப் பதில் பறிக்காமலே இருக்கலாம்.

எப்படி ஊறவைத்தால் முழுச் சத்தும் இறங்கும்?

இழைகளை உள்ளங்கையிலோ சிறு உரலிலோ லேசாக நொறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் அல்லது பாலில் இருபது நிமிஷமாவது மூடிவையுங்கள். குரோசின் தண்ணீரில் நன்றாகக் கரையும். சாஃப்ரனால் ஆவியாகும் பொருள், அதனால் கொதிக்கக் கொதிக்க வைத்தால் மணம் காற்றோடு போய்விடும். சமையலில் கடைசியில் சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான். ஊறிய இழையைத் தூக்கிப் போட வேண்டாம், அப்படியே மென்று சாப்பிடலாம்.

கேப்சூல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சூல்முடியிலிருந்து எடுத்த சாறா, இதழிலிருந்து எடுத்ததா என்று எழுதியிருக்க வேண்டும். இதழிலும் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு கேப்சூலில் எத்தனை மில்லிகிராம் சாறு, அதில் குரோசின் எத்தனை சதவீதம் என்று இருந்தால் நல்லது. ‘500 மில்லிகிராம் குங்குமப்பூக் கலவை’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதில் குங்குமப்பூவின் பங்கைச் சொல்லாத டப்பாவை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் எடுத்தும் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்திவிடுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் இரண்டு ஆண்டு தாங்கும். முதல் ஆண்டிலேயே மணம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கிவிடும். ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிக் குப்பியில் அழகுக்கு வைத்தால் ஒளி பட்டு குரோசின் சிதையும். ஈரக் கையால் எடுக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைப்பதானால், வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல் டப்பாவின் குளிர் போகும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர்த்துளி படிந்து இழை பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை வந்த இழையைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.